மாறுபட்ட இயல்புடைய சிறாரும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இவ்வவையில் யாம் இலக்கியப் பொருள் பற்றியே பேசி வந்திருக்கின்றோம். இவ்வாண்டும் அவ்வாறே பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஆயினும் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள அவர்களிடம் இசைவு பெற்று வந்துள்ளோம். சற்று முன்னர், பொதுத்தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற நம் சிறார்க்கு இம்மேடையில் பரிசு வழங்கப்பட்டது. கண்டு மகிழ்ந்தோம், கைதட்டினோம். அப்பொழுதே, இம்மேடையில் ஒருநாளும் ஏறாத சிறாரும் நம் குடும்பங்களில் உளர் என்னும் நினைவு எம்மை வருத்தியது. எழுத்துக் கூட்ட இயலாமையால் மூடர் எனப்பட்டோர் சிலர். ஓரிடத்தில் அமர மாட்டாமையால் துடுக்கர் எனப்பட்டோர் சிலர். பேசாமையாலோ, கேட்டதையே திருப்பிச் சொல்வதாலோ வீட்டின் உள்ளறையில் மறைக்கப்பட்டோர் சிலர். இச்சிறார்க்கு இல்லமும் பள்ளியும் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே இன்று யாம் பேசப் புகும் பொருள்.

தமிழ் கற்பிப்போர்க்கு நன்னூல் வழிகாட்டும் நூலாகும். அதன் பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரை முத்திறத்தினராகப் பகுத்து உவமை கூறுகின்றார். தலைமாணாக்கர்க்கு அன்னமும் பசுவும் உவமை. இடைமாணாக்கர்க்கு மண்ணும் கிளியும். கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும். இல்லிக்குடமாவது ஓட்டைக் குடம். எவ்வளவு வார்த்தாலும் ஒழுகிவிடும். ஆடு ஒரு செடியில் வயிறு நிரம்ப மேயாமல் செடிதோறும் வாய்வைத்து ஓடும். கிளி தனக்குச் சொல்லியதனையன்றி வேறொன்றும் சொல்லாது. இவ்வுவமைகளைப் பல ஆண்டுகள் சுவைபடக் கற்பித்தோம். ஆனால் அவற்றைக்கொண்டே ஒரு சிறுவனுக்குத் தீங்கும் செய்தோம். அதனை முதலில் ஒப்புக்கொள்ளுதலே முறை.

18 ஆண்டுகளுக்கு முன்னர், நம் உறவினர் ஒருவருடைய மகன் ஏழாம் வகுப்பில் எம்மிடம் பயின்றான். ஒரு செய்யுளை இரண்டு முறை கேட்பானாயின் பிழையின்றி ஒப்பிப்பான். கதை சொல்லத் தொடங்கினால் வகுப்பே அடங்கிக் கேட்கும். ஆனால் ஏட்டை எடுத்து எழுது என்றால் அவன் முகம் வெளிறும். 'தொடை' என்று எழுதப் புகுந்தால் கொம்பு இருக்கும், கால் இராது. 'மனம்' 'மணம்' ஆகும். 'பள்ளி' 'பல்லி' ஆகும். சோம்பல் என்று கருதினோம். பிழையான சொற்களை நூறு முறை எழுதச் சொன்னோம். நூறு முறையும் வெவ்வேறு விதமாக எழுதி வந்தான். ஒருநாள் நன்னூற் பாயிரத்தை விளக்கும்பொழுது அவனை எழுப்பி நிறுத்தி, "இல்லிக்குடம் எப்படி இருக்கும் என்று அறிய வேண்டுமானால் இவனைப் பாருங்கள்" என்றோம். வகுப்பு நகைத்தது. அன்று முதல் அவனுக்கு அதுவே பெயராயிற்று. ஒன்பதாம் வகுப்பிற்கு அவன் வரவில்லை. "படிப்பு ஏறவில்லை" என்றார் அவன் தந்தையார். யாமும் ஆம் என்றோம்.

அன்பர்களே! அச்சிறுவனுக்கு இருந்தது இன்னதென்று எமக்கு அன்று தெரியாது. ஆனால் உலகிற்குத் தெரியாததன்று. இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர் 1896ஆம் ஆண்டிலேயே 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அறிவிற் சிறந்த அச்சிறுவனால் எளிய சொற்களைக்கூடப் படிக்க இயலவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியில் அவனே முதல்வனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். அவ்வாசிரியர் கண்ணுக்குத் தோன்றியது எம் கண்ணுக்குத் தோன்றாமற் போயிற்று. இவ்வியல்பை டிஸ்லெக்ஸியா என்பர். இது கண்ணின் குறையன்று, அறிவின் குறையுமன்று. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் மூளைச் செயலில் உள்ள வேறுபாடு.

நம் தமிழெழுத்தின் இயல்பை நோக்கினால் அச்சிறுவன் பட்ட பாடு விளங்கும். 'கெ' என்பதில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் கேட்கின்றன. எழுதுங்கால் உயிரின் குறியாகிய கொம்பு முன்னே வந்து நிற்கின்றது. 'கொ' என்பதிலோ குறி இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. 'கடல்', 'அகம்', 'தங்கம்' என்னும் மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. ரகர றகரமும், னகர ணகரமும், லகர ளகர ழகரமும் பலர் பேச்சில் வேறுபாடின்றியே ஒலிக்கின்றன. எழுத்துகள் 247. பழகியவர்க்கு இஃது எளிது. இணைப்பிலே இடர்ப்படும் பிள்ளைக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு மலையேற்றமாகும். அம்மலையடியில் நின்றவனைத்தான் யாம் சோம்பேறி என்றோம்.

இதற்கு வழி யாது? நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் சிறார் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வரையும்பொழுதே உரக்கச் சொல்லினர். கண்ணும் காதும் வாயும் விரலும் ஒருங்கே கற்றன. அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் மருத்துவரும் அன்னா கில்லிங்காம் என்னும் ஆசிரியையும் 1930களில் இத்தகைய சிறார்க்கென வகுத்த முறையும் இவ்வாறு பல புலன்களின் வழியே கற்பிப்பதேயாம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியில் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறப்பதற்கு முன்னர், அறிவு குன்றியோர் என்று ஒதுக்கப்பட்ட சிறார்க்கே கற்பித்தார். அவர்களிடம் பயன்பட்ட முறையே பின்னர் எல்லாச் சிறார்க்கும் உரியதாயிற்று. அவ்வம்மையாரே 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றிற்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். திண்ணைப் பள்ளியில் மணல் இருந்தது. சிறுவனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் இருந்தது. மணலை மறந்தோம், தண்டிக்கும் மனத்தை மட்டும் விடாமற் காத்தோம்.

இனி, ஆட்டை ஒத்தவன் என்று நாம் கூறும் பிள்ளையைக் காண்போம். கவனம் நிலைக்காமை, மிகை இயக்கம் என்று மருத்துவர் கூறும் இயல்பு அவனுடையது. அவனைக் கட்டிவைத்தல் கற்பித்தலன்று. சாளரத்தையும் வாயிலையும் விட்டு விலகி, ஆசிரியர்க்கு அருகே அவனை அமர்த்தலாம். நான்கு கட்டளைகளை ஒருங்கே கூறாமல் ஒவ்வொன்றாகக் கூறலாம். பெரிய கணக்கைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்று முடிந்ததும் எழுந்து நடக்க விடலாம். சுண்ணக்கட்டி கொண்டு வரவும் ஏடுகளைப் பரப்பவும் அவனையே ஏவலாம். கால் இயங்கியபின் மனம் அமர்கின்றது. இம்முறையை எம் வகுப்பிலே செய்து பார்த்த பின்னரே கூறுகின்றோம்.

மூன்றாவது, கிளிப்பிள்ளை எனப்பட்டவள். அவள் எம் தங்கையின் மகள். இப்பொழுது 9 வயதினள். 3 வயதாகியும் அவள் அம்மா என்று அழைக்கவில்லை. "பால் வேண்டுமா?" என்று கேட்டால், "பால் வேண்டுமா?" என்றே மறுமொழி கூறுவாள். ஆட்டிசம் என்றார் மருத்துவர். உறவினரோ தாயின்மேற் பழி கூறினர். கருவுற்ற காலத்தில் செய்த பிழை என்றார் ஒருவர். பிள்ளையிடம் அன்பாகப் பேசாமையே காரணம் என்றார் ஒருவர். தடுப்பூசி என்றார் மற்றொருவர்.

இப்பழிகள் பழையவை. அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டில் 11 சிறாரை ஆராய்ந்து இவ்வியல்பை விரித்து எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள் மருத்துவ உலகமே தாயின் அன்பின்மையைக் காரணமாகக் கூறி எண்ணற்ற தாய்மாரைக் கண்ணீர் விடச் செய்தது. பெர்னார்டு ரிம்லாந்து என்னும் உளவியலறிஞர், தம் மகனும் அவ்வியல்பினன் ஆதலின் இதனைத் துருவி ஆராய்ந்து, 1964ஆம் ஆண்டில் அக்கொள்கையை மறுத்து நூல் எழுதினார். தடுப்பூசியோடு தொடர்புபடுத்தி 1998ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையை, அதனை வெளியிட்ட லான்செட் இதழே 2010ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. பிறப்பின் இயல்பிலேயே மூளை வேறுவிதமாக வளர்கின்றது என்பதே அறிஞர் கண்ட முடிவு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகில் 127 பேரில் ஒருவர் ஆட்டிச இயல்புடையவர். ஆகவே இஃது ஒரு குடும்பத்தின் சாபமுமன்று. ஒரு தாயின் குற்றமுமன்று.

அச்சிறுமிக்கு எம் தங்கையின் இல்லம் எவ்வாறு மாற்றி அமைக்கப்பட்டது என்பதைக் கூறுவோம், பிறர்க்கும் பயன்படும். அடுக்களைச் சுவரிலே அவளுடைய கண்மட்டத்தில் ஒரு நீண்ட அட்டை உள்ளது. குளித்தல், உண்ணல், பள்ளி செல்லல், விளையாடல், உறங்கல் என்று அன்றைய நாளின் செயல்கள் படங்களாக வரிசையில் ஒட்டப்பட்டுள்ளன. ஒரு செயல் முடிந்ததும் அப்படத்தை அவளே எடுத்துப் பெட்டியில் இடுவாள். அடுத்தது யாது, எப்பொழுது முடியும் என்னும் இரண்டும் தெரிந்தமையால் அவள் அச்சம் குறைந்தது. இத்தகைய முறையை எரிக் ஷாப்லர் என்பார் அமெரிக்க நாட்டு வட கரோலினாவில் வகுத்தார். 1972ஆம் ஆண்டு முதல் அம்மாநிலம் முழுவதும் அது நடைபெறலாயிற்று. நமக்குச் செலவு ஓர் அட்டையும் சில படங்களுமே. மிக்சியை இயக்குமுன் அவளிடம் சொல்லுகின்றனர். குக்கரின் ஒலி எழும்பொழுது காதுகளை மூடிக்கொள்ள உறை வைத்திருக்கின்றனர். மனம் கலங்கினால் சென்று அமர, பீரோவின் பக்கத்தில் பாய் விரித்த ஒரு மூலை உண்டு. அங்கே அவளை எவரும் அழைப்பதில்லை. அது தண்டனைக்கு உரிய இடமன்று, இளைப்பாறும் இடம்.

பேச்சுப் பயிற்சியாளர் எமக்கு ஒன்றை உணர்த்தினார். அச்சிறுமி தானே அடுக்களைக்கு வந்து "பால் வேண்டுமா?" என்று கூறுவாளாயின், அவள் பால் கேட்கின்றாள் என்பதே பொருள். கேட்ட சொல்லைத் தன் கருத்திற்குக் கருவியாக்கிக்கொள்கின்றாள். அதுவும் மொழி கற்கும் வழிகளுள் ஒன்று. ஐந்தாண்டுகள் யாம் கிளியின் ஒலி என்று கேட்டது ஒரு குழந்தையின் வேண்டுகோள்! இப்பொழுது படங்களைக் காட்டியும், சிறு சொற்களாலும் தனக்கு வேண்டியவற்றைத் தெரிவிக்கின்றாள். படம் காட்டினால் பேச்சு வாராது என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டா, கருத்தை உணர்த்த வழி கிடைத்த குழந்தைக்குப் பேசும் ஆர்வம் குறைவதில்லை.

பயிற்சியாளரிடம் அவள் இருப்பது வாரத்தில் 2 மணி நேரம். வாரத்திற்கு 168 மணி நேரம். எஞ்சிய 166 மணி நேரமும் அவள் நம்மிடத்தில் இருக்கின்றாள். ஆகவே சிகிச்சை என்பது ஓர் அறையில் நடப்பது மட்டுமன்று. வீட்டாரும் ஆசிரியரும் அண்டை அயலாரும் கூடி நடத்துவது. அதன் நோக்கமும் தெளிவாதல் வேண்டும். குழந்தையைப் பிறரைப் போலத் தோன்றச் செய்வது நோக்கமன்று. அவள் விரல்களை அசைத்தால் கையைப் பிடித்து அடக்குதல் வேண்டா. அது தன் மனத்தை அவளே நிலைப்படுத்திக்கொள்ளும் வழி. எம் கண்ணைப் பார் என்று முகத்தைத் திருப்புதலும் வேண்டா. தன் தேவையைத் தெரிவிக்கவும், தன் வேலையைத் தானே செய்துகொள்ளவும், அஞ்சாது வாழவும் அவளுக்குத் துணை செய்வதே நோக்கம். முற்றிலும் நீக்கித் தருவோம் என்று மருந்தும் மாத்திரையும் விற்போர் பலர். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. நகையை விற்று அவர்களிடம் கொடுக்குமுன் ஒரு நல்ல மருத்துவரைக் கேளுங்கள். கோயிலுக்குச் செல்வதை யாம் தடுக்கவில்லை. வேண்டுதல் நிறைவேறும் வரையில் பயிற்சியைத் தள்ளிவைத்தலையே தடுக்கின்றோம். இளமையிலே தொடங்கும் பயிற்சியே மிகுந்த பயன் தரும்.

சட்டமும் நமக்குத் துணையாக உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிக்கின்றது; ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று பெற்ற சிறார், 6 முதல் 18 வயது வரையில், அருகிலுள்ள பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்க உரிமை உடையர். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதைக் கேட்டு எழுதுவோர் துணையும் பெறலாம். மாவட்டத்தில் உள்ள அரசினர் இளம்பருவ இடையீட்டு மையத்தில் குழந்தையைக் காட்டலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இதற்கென மத்திய அரசின் நிறுவனம் உள்ளது. தென்காசிப் பக்கத்தார்க்கு ஆய்க்குடியில் 1981ஆம் ஆண்டு முதல் அமர்சேவா சங்கம் தொண்டாற்றி வருகின்றது. எமக்குப் பின் யார் காப்பார் என்று கலங்கும் பெற்றோர், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிச இயல்புடைய மகனுக்கோ மகளுக்கோ 18 வயதிற்குப் பின்னர்ப் பாதுகாவலரை அமர்த்திக்கொள்ளலாம். சான்று வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி இவற்றையெல்லாம் இழப்போர் நம்முள்ளே உளர்.

அவ்வச்சத்தை வளர்த்தவர் யார்? நாமே. சென்ற ஆண்டு நம் கல்யாண மண்டபத்தில் ஒரு திருமணம். கெட்டிமேளம் முழங்கியதும் எம் தங்கையின் மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். சுப காரியத்தில் இது யாது என்று முகஞ்சுளித்தனர் பெரியோர் சிலர். எம் தங்கை பந்தி மண்டபத்திற்குப் பின்னுள்ள சந்தில், பாத்திரங்களின் நடுவே, குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு முகூர்த்தம் முடியுமட்டும் அமர்ந்திருந்தாள். அதன்பின் அவள் எவர் வீட்டு விசேஷத்திற்கும் வருவதில்லை. அவளுடைய மூத்த மகனுக்குப் பெண் பேசுங்கால், "வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கின்றதாமே" என்று ஒரு சம்பந்தம் நின்றது. இதனை மறைக்காமற் கூற எம் தங்கையே எமக்கு இசைவு தந்தாள்.

இத்துன்பம் எம்மை ஒருநாள் அப்பழைய மாணாக்கனிடம் கொண்டு சென்றது. அவன் இப்பொழுது இருசக்கர வண்டிகள் பழுது பார்க்கும் கடை ஒன்றை நடத்துகின்றான். வண்டி ஓடும் ஒலியைக் கேட்டே பழுது இன்ன இடத்தில் என்று கூறிவிடுவான் என்று ஊரார் புகழ்கின்றனர். யாம் சென்று, "தம்பி, உனக்குப் பிழை செய்துவிட்டோம்" என்றோம். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "ஐயா, அதை விடுங்கள்" என்று கூறி, மாணாக்கரின் இலக்கணம் உரைக்கும் அந்நூற்பாவை முதற்சீர் முதல் இறுதிச்சீர் வரையில் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பித்தான். ஓட்டைக் குடம் என்றோமே, அக்குடத்தில் 18 ஆண்டுகளாக ஒரு துளியும் ஒழுகவில்லை! பின்னர் மெல்லக் கூறினான்: "ஐயா, என் மகள் இரண்டாம் வகுப்பு. அவளும் என்னைப் போலவே எழுதுகின்றாள். அவளுக்கும் அந்தப் பெயர் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கின்றது." டிஸ்லெக்ஸியா குடும்ப வழியில் வருதல் உண்டு. ஆனால் பெயர் குடும்ப வழியில் வருவதன்று. அதனை இடுபவர் ஆசிரியர்.

அன்று இரவு நன்னூலை மீண்டும் எடுத்தோம். மாணாக்கரைப் பகுத்த அதே பாயிரத்தில், ஆசிரியராதற்குத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் உள. அவற்றுள் ஒன்று மடற்பனை. கருக்குமட்டைகள் சூழ நின்று, எவரையும் அணுகவொட்டாத பனை. கேட்போன் எவ்வாறு பெற்றுக்கொள்வான் என்பதைத் தெரிந்து, அதற்கு இசையக் கற்பித்தலே ஆசிரியன் கடன் என்பதும் அங்கேயே உள்ளது. மாணாக்கனுக்கு உரிய உவமையைத் தேடிய யாம் எமக்கு உரியதைத் தேடவில்லை.

ஆதலின் இச்சங்கத்திற்குச் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றோம். நம் கல்யாண மண்டபத்தின் மாடியில் பழைய நாற்காலிகள் அடுக்கிய அறை ஒன்று உள்ளது. அதனைத் தூய்மை செய்து, மேள ஒலி எட்டாதவாறு கதவமைத்து, பாயும் மின்விசிறியும் இட்டு, இத்தகைய சிறார்க்கும் அவர்தம் தாய்மார்க்கும் அமைதி அறையாகத் தருக. கல்வி நிதியில் ஒரு பகுதியை, மதிப்பெண்ணை நோக்காமல், பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் செல்லும் ஏழைக் குடும்பங்களின் வழிச்செலவிற்கென ஒதுக்குக. நம்முள் ஆசிரியராய் உள்ளோர் எம் பிழையைச் செய்யாது, எவர்க்கும் பட்டப்பெயர் இடாதிருக்க உறுதி பூணுக. சம்பந்தம் பேசுவோர், இத்தகைய குழந்தை உள்ள வீடு என்று விலகாதிருக்க. அக்குழந்தையைப் பேணும் வீட்டில் பொறுமையும் அன்பும் உண்டென்பதற்கு வேறு சான்று எதற்கு?

இவற்றுள் முதலாவதற்குப் பணம் மிகுதியாக வேண்டுவதில்லை. அவ்வறையின் கதவிற்கு ஆகும் செலவை யாமும் அம்மாணாக்கனும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டோம். வரும் தை மாதத்து முதல் முகூர்த்தத்திற்குள் அறை அமையுமாயின், எம் தங்கையைக் கையோடு அழைத்து வருவோம். அன்று அவள் சந்தில் அமராமல் உங்கள் நடுவே அமர்ந்து அட்சதை தூவுதல் வேண்டும். அதனைச் செய்து தருவது உங்கள் கடன்.